வலக்கை கிட்டார் இடக்கைக்கு மாறியது: நட்டும் சாடிலும் இரண்டரை மில்லிமீட்டரும்

கடைசியில் ஒத்து வந்துவிட்டது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (நெக்கின், அதாவது கழுத்தின், குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) ஆறு கம்பிகளையும் வரிசையாக அழுத்திப் பார்த்தேன். டியூனரின் முள் எந்தக் கம்பியிலும் மூன்று சென்ட்டைத் தாண்டி விலகவில்லை. (அரை ஸ்வர இடைவெளியை நூறு பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு சென்ட்.) வலக்கைக்காரருக்காகச் செய்த சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று இப்போது முழுதாக இடக்கை கிட்டாராகிவிட்டது. கம்பிகளைப் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டை மாற்றுபவர்கள் கொஞ்சம் பேர். மறுமுனையில், உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் சாடிலைத் தொடுபவர்கள் அதைவிடக் குறைவு. என் அனுபவத்தில் இந்த வேலையின் உயிர் சாடிலில்தான் இருக்கிறது. அதனால் மற்றவற்றைச் சுருக்கி, அதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எனக்கு எழுதுவது, அறுப்பது, திருகுவது எல்லாமே இடது கையில்தான். கிட்டாரை மட்டும் பல வருடம் வலக்கைக்காரர்கள் பிடிப்பது போலவே பிடித்து வந்தேன். "இரண்டு கைக்கும்தானே வேலை, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பிடிக்கிற கை உனக்கு வலுவான கையாக இருந்தால் நல்லதுதானே" என்று சொல்லிக்கொடுத்தவர் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. மார்க் நாஃப்ளர், கேரி மூர் இருவருமே இடக்கைக்காரர்கள். வலக்கை முறையில் வாசித்துத்தான் பெயர் வாங்கினார்கள். எனக்கும் கார்டுகள் சீக்கிரம் படிந்தன. ஸ்ட்ரம்மிங்தான் படியவே இல்லை. வலது கை மேலும் கீழும் போகும், ஆனால் தாளத்தோடு போகாது. மேஜையில் இடது கையால் தட்டினால் பிசகாமல் வருகிற அதே தாளம், வலது கைக்கு மாறியதும் தடுமாறும். என் தாளம் இடது கையில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு, கருவியை மாற்றுவது ஒன்றே வழி என்று தோன்றியது.

இடக்கைக்கென்றே செய்த கிட்டாரை வாங்கியிருக்கலாம். பத்துப் பேரில் ஒருவர்தான் இடக்கைக்காரர் என்பதால் மாடல்கள் குறைவு, அதே தரத்துக்கு விலையும் பெரும்பாலும் கூடுதல். இன்னொரு வழி, கம்பியை மாற்றாமலே கிட்டாரைத் தலைகீழாகப் பிடிப்பது. எலிசபெத் காட்டன் அப்படித்தான் வாசித்தார்: பேஸ் கம்பிகளை விரல்களாலும் மெலடியைக் கட்டைவிரலாலும். ஆல்பர்ட் கிங்கும் கம்பிகளை மாற்றாமல் கவிழ்த்துப் பிடித்தவர்தான். அந்த வழியில் போனால் எல்லாக் கார்டையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் அழகு எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது கண்ணாடியில் தெரிகிற மாதிரி அப்படியே திரும்பிய கிட்டார்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டாரைத் திருப்பிக் கம்பி மாற்றி வாசித்தாரே, அக்கூஸ்டிக்கிலும் அதையே செய்தால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிரிட்ஜில் (உடலின் மேல் சாடிலைத் தாங்கும் பாகம்) ஒவ்வொரு கம்பிக்கும் தனி சாடில் உண்டு. ஸ்க்ரூவைத் திருகினால் அது முன்னும் பின்னும் நகரும். அக்கூஸ்டிக்கில் ஆறு கம்பிக்கும் சேர்த்து ஒரே ஒரு எலும்புத் துண்டு, மரத்தில் வெட்டிய காடிக்குள் செருகியிருக்கும். அதுவும் சாய்வாக. இந்தச் சாய்வு வலக்கைக்கென்றே வைத்தது.

கருவிக்குக் கருவி இந்தச் சிக்கல் மாறுபடும். புல்லாங்குழலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நீட்டிப் பிடிக்கலாம். மிருதங்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால் வலந்தலை இடது கைக்கு வந்துவிடும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கையால் வலந்தலை வாசித்த மேதை. வயலினில்தான் கஷ்டம். உள்ளே ஒரு பக்கம் பேஸ் பார் என்ற சட்டம், மறுபக்கம் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு குச்சி நிற்கும். கம்பியை மட்டும் மாற்றினால் இரண்டும் தவறான பக்கத்தில் நிற்கும். சார்லி சாப்ளின் இடக்கை வயலின் வாசித்தவர், அவருடைய வயலினில் அந்த உள்வேலையும் மாற்றப்பட்டிருந்தது. கிட்டார் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வயிற்றைத் திறக்க வேண்டாம், ஆனால் வெறுமனே திருப்பினாலும் போதாது.

எந்த கிட்டாரை எடுப்பது

பெரிய உடலுள்ள அக்கூஸ்டிக் வகையான ட்ரெட்நாட், பழையது ஒன்று கிடைத்தது. கட்அவே (கழுத்தின் அடி ஃப்ரெட்டுகளை எட்டுவதற்காக உடலில் வெட்டிய வளைவு) இல்லாத உடல், மின்சாதனம் எதுவும் இல்லை. இந்த இரண்டும் முக்கியம். கட்அவே இருந்தால் திருப்பியதும் அது மேல்பக்கம் போய்ப் பயனற்றுவிடும். ப்ரீஆம்ப் இருந்தால் குமிழ்கள் தொடைப் பக்கம் இறங்கிவிடும்.

வாங்கும் முன் சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் ஒலித்துளைக்குள் விட்டுப் பார்த்தேன். உள்ளே எக்ஸ் வடிவில் ஓடும் இரண்டு பெரிய சட்டங்கள் இரு பக்கமும் ஒரே மாதிரிதான். அதற்குக் கீழே உள்ள டோன் பார்கள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இடக்கைக்கென்றே கட்டுகிற கிட்டாரில் இவையும் திரும்பியிருக்கும். நான் இதைத் தொடவில்லை. மாற்றி முடித்த பிறகும் ஒலியில் குறை எதுவும் என் காதுக்குப் படவில்லை.

நெக் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. தடித்த ஈ கம்பியை (இரு ஓரக் கம்பிகளுக்கும் ஈ என்றே பெயர், ஒன்று தடித்தது, மற்றது மெல்லியது) முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காம் ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் அளந்தேன். கால் மில்லிமீட்டர். சரியான அளவு, நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் ட்ரஸ் ராடைத் தொட வேண்டியிருக்கவில்லை. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. பிரிட்ஜ் தூக்கியிருந்தால் இந்த வேலையைத் தொடங்கியே இருக்க மாட்டேன்.

கம்பியை மட்டும் மாற்றிப் பார்த்தது

எதையும் வெட்டும் முன், எவ்வளவு கெட்டுப்போகிறது என்று எண்ணிக்கையில் தெரிய வேண்டும் என்பதற்காக, பழைய நட், பழைய சாடிலோடு கம்பிகளைத் தலைகீழாகக் கட்டினேன். 12 – 53 லைட் செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில்). நட்டில் மெல்லிய ஈக்கு வெட்டிய காடிக்குள் தடித்த ஈ இறங்கவே இல்லை, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுபக்கம் மெல்லிய ஈ, தடித்த கம்பியின் அகன்ற காடிக்குள் கிடந்து ஆடியது. தடித்ததன் விட்டம் 1.35 மி.மீ., மெல்லியதன் விட்டம் 0.3 மி.மீ. நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம், வேறென்ன நடக்கும்?

பிறகு இன்டனேஷன், அதாவது ஃப்ரெட்டில் அழுத்தும்போது ஸ்வரம் சரியாக நிற்கிறதா என்பது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அதே ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிட்டேன். தடித்த ஈ 8 சென்ட் மேலே போனது. மெல்லிய ஈ 6 சென்ட் கீழே நின்றது. திறந்த கார்டுகளில் இது பெரிதாக உறுத்தவில்லை. ஏழாம் ஃப்ரெட்டில் பார் கார்டு (ஒரே விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்க வைத்துப் பிடிப்பது) பிடித்தால் மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நின்றன.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை ஸ்டீல் ஸ்கேலே காட்டிவிடும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் நடுவிலிருந்து நட்டின் முன்விளிம்பு வரை 324 மி.மீ. சாடில் பக்கமும் அதே 324 இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுகிறது, ஸ்வரம் ஏறுகிறது. அதை ஈடுகட்டக் கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். தடித்த கம்பிக்கு அதிகமாக, மெல்லியதற்குக் குறைவாக. என் கிட்டாரில் பழைய மெல்லிய ஈயின் இடத்தில் 326, பழைய தடித்த ஈயின் இடத்தில் 328.5. வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர். மொத்த நீளம் 648 உள்ள கம்பியில் சாடில் இரண்டரை மில்லிமீட்டர் தவறினால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஏறக்குறைய 7 சென்ட் பிசகும். டியூனர் காட்டியதும் அதைச் சுற்றித்தான். ஒரு கருவி வலக்கையா இடக்கையா என்பது இந்த இரண்டரை மில்லிமீட்டருக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்று போலத் தெரிகிற கருவி இது.

சாடிலை மட்டும் எடுத்து முனை மாற்றிச் செருகினால் ஆகாதா? செய்து பார்த்தேன். உயரம் சரியாகிறது, ஏனென்றால் தடித்த கம்பிப் பக்கம் கொஞ்சம் உயரமாகத் தேய்த்திருப்பார்கள். ஆனால் காடியின் சாய்வு மாறுவதில்லை. அதோடு மெல்லிய ஈக்கு அடுத்த பி கம்பிக்காகப் பின்னோக்கித் தேய்த்திருந்த மேடு, முனை மாறும்போது முன்னோக்கித் திரும்பிவிடுகிறது. பி கம்பியும் கெட்டது.

நட்

முதலில் எளிய வேலை. நட்டைச் சுற்றியுள்ள வார்னிஷைக் கூர்மையான கத்தியால் கோடு கிழித்துவிட்டு, ஃப்ரெட்போர்டு பக்கத்திலிருந்து ஒரு மரத்துண்டை வைத்து மெதுவாகத் தட்டினால் நட் கழன்று வரும். கோடு கிழிக்காமல் தட்டினால் வார்னிஷ் பெயர்ந்துவிடும்.

புதிய நட்டுக்கு 6 மி.மீ. தடிமனுள்ள எலும்புத் துண்டு. தட்டையான கண்ணாடி மேல் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அதில் தேய்த்து அடியைச் சமமாக்கினேன். எலும்புத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். மாஸ்க் போட்டுக்கொண்டு, தாளை ஈரமாக்கித் தேய்த்தேன்.

இங்கே ஒரு சின்ன உத்தி. ஒரு பென்சிலை நீளவாக்கில் பாதியாகச் சீவி, தட்டையான பக்கத்தை ஃப்ரெட்டுகள் மேல் படுக்க வைத்து நட்டின் முகத்தில் கோடு இழுக்க வேண்டும். ஃப்ரெட்டுகளின் உயரம் அப்படியே நட்டில் விழும். காடி அந்தக் கோட்டை விடக் கீழே இறங்கவே கூடாது.

கம்பிகளுக்கு இடையே இடைவெளி வைப்பதில் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கக் கூடாது. கம்பிகளின் தடிமன் வேறு வேறு என்பதால், விளிம்பிலிருந்து விளிம்புக்கு உள்ள வெற்றிடம் சமமாக இருந்தால்தான் விரலுக்குச் சமமாகத் தெரியும். நட்டின் அகலம் 43. தடித்த ஈக்கு வெளியே 3.5, மெல்லிய ஈக்கு வெளியே 3 விட்டேன். மீதி 36.5. ஆறு கம்பிகளின் தடிமனைக் கூட்டினால் 4.5 சொச்சம். அதைக் கழித்து ஐந்தால் வகுத்தால் ஒவ்வொரு இடைவெளியும் 6.4 மி.மீ.

கோடு போடும்போதுதான் அளவுகோலும் வலக்கைக்காரருடையது என்பது உறைத்தது. பூஜ்யம் இடதுபக்கம் இருக்கிறது. இடது கையால் கோடு போட்டுக்கொண்டு போகும்போது என் கையே எண்களை மறைக்கிறது. டிஜிட்டல் காலிப்பரை இடது கையில் பிடித்தால் எண்கள் தலைகீழாக நிற்கின்றன. ஸ்கேல் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, வலதுபக்கத்திலிருந்து எண்களை நானே எழுதினேன். அன்றிலிருந்து அளவு பிசகுவது நின்றது. வேலை முடிந்த பிறகும் அந்த டேப்பை எடுக்கவில்லை.

காடி வெட்டுவதற்கென்றே உள்ள அரங்களின் செட், தொடக்கநிலை கிட்டார் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் போகும். ஒரே ஒரு கிட்டாருக்காக அதை வாங்க மனமில்லை. கேஸ் வெல்டிங் நாசிலைச் சுத்தம் செய்யும் கம்பிச் செட் ஒன்று போதும். பல தடிமன்களில், உடம்பெல்லாம் அரம் போலச் சொரசொரப்பான சின்னக் கம்பிகள். மெல்லிய ரம்பத்தால் கோடு கிழித்துவிட்டு, பிறகு இந்தக் கம்பிகளால் அகலப்படுத்தினேன். தடித்த மூன்று கம்பிகளுக்கு, சுருள் சுற்றிய பழைய கிட்டார் கம்பித் துண்டையே விறைப்பாகப் பிடித்து அரமாக்கினேன், நன்றாக வெட்டியது. காடியின் அகலம் கம்பியை விட 0.05 முதல் 0.1 மி.மீ. வரை கூட இருந்தால் போதும்.

காடியின் தரை ஹெட்ஸ்டாக் (முறுக்காணிகள் உள்ள தலை) பக்கம் சரிய வேண்டும். கம்பி நட்டை விட்டுக் கிளம்பும் இடம் ஃப்ரெட்போர்டு பக்க விளிம்பாகவே இருக்க வேண்டும். தரை தட்டையாக இருந்தால் கம்பி அதன் மேல் உரசி, தம்புராவில் ஜீவா நூல் வைத்தது போல ரீங்கரிக்கும். தம்புராவுக்கு அது அழகு, இங்கே வேண்டாம். ஆழத்தைச் சோதிக்கச் சுலபமான வழி: கம்பியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு இடையே அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். சாதாரண அச்சுத்தாள் ஒன்று, அதாவது 0.1 மி.மீ., உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. கொஞ்சம் வெட்டு, கம்பியை ஏற்று, டியூன் செய், அளந்து பார், மறுபடி இறக்கு. இதில் அவசரப்பட்டால் ஒரு கம்பியாவது முதல் ஃப்ரெட்டில் உரசும். அப்படி ஆழமாகிவிட்டால் அதே எலும்பின் தூளைக் காடியில் நிரப்பி, ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, இறுகியதும் மறுபடி வெட்டலாம். டி கம்பிக்கு நான் அதைத்தான் செய்தேன், இன்றுவரை தாங்குகிறது. ஆனால் அதை நிரந்தரத் தீர்வாக நினைக்கவில்லை. அடுத்த முறை கம்பி மாற்றும்போது புது நட்டாகவே போட்டுவிடுவேன்.

சாடில்: பழைய காடியை அடைத்தல்

பழைய காடி 72 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலம், ஐந்தரை ஆழம். பிரிட்ஜ் ஈட்டி மரம் என்பதால் அடைக்கவும் ஈட்டித் துண்டே வேண்டும். கழிவு மரமாக ஒரு துண்டு கிடைத்தது. ரேகை பிரிட்ஜின் ரேகையோடு ஒரே திசையில் ஓடும்படி வெட்டினேன். குறுக்கே வைத்தால் பார்வைக்கும் கெடும், வலுவும் குறையும். காடியின் இரு முனைகளும் அரைவட்டமாக இருந்தன, துண்டின் முனைகளையும் அப்படியே உருட்டினேன். விரலால் அழுத்தினால் முக்கால் பங்கு இறங்கி, மீதிக்கு மரச்சுத்தியால் மெதுவாகத் தட்ட வேண்டிய இறுக்கம். அதைவிட இறுக்கமானால் பிரிட்ஜ் பிளந்துவிடும். மரப்பசை பூசிச் செருகி, ஒரு முழு இரவு விட்டு, மறுநாள் உளியால் மட்டமாகச் சீவினேன். இருபக்கமும் சீவிய நேரான உளி இடது வலது பார்ப்பதில்லை. என் பெட்டியில் அப்படிப் பாராத கருவிகள் வெகு சில.

புதிய காடி பழையதன் கண்ணாடிப் பிம்பமாகச் சாய்வதால், இரண்டும் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். அதனால் அடைத்த துண்டின் நடுப்பகுதி மறுபடி வெட்டுப்பட்டுப் போய்விடும். பார்க்கக் கவலையாக இருந்தாலும் சாடில் உட்கார்ந்ததும் எல்லாம் இறுகிவிடும். கம்பிகளின் நுனியைப் பிரிட்ஜில் பூட்டும் பின்கள் (முளைகள்) செருகும் துளைகளுக்கும் ஆபத்தில்லை. அவை நேர்க்கோட்டில் இருக்கின்றன. காடி எந்தப் பக்கம் பின்னால் சாய்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் இதுவரை இடம் மிச்சமாக இருந்தது.

சாடில்: புதிய காடி

இந்த வேலையில் என் கை நடுங்கியது இங்கே ஒன்றில்தான். பிரிட்ஜ் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கூரிய பென்சிலால் குறித்தேன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து புதிய மெல்லிய ஈக்கு 326, புதிய தடித்த ஈக்கு 328.5. பழைய அளவுகள்தான், பக்கம் மட்டும் மாறியிருக்கின்றன. இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் காடியின் நடுக்கோடு.

வெட்ட ரோட்டரி டூல், 3 மி.மீ. பிட். கையால் பிடித்து வெட்ட முடியாது, ஓட்டத்துக்குத் தண்டவாளம் வேண்டும். ஆறு மி.மீ. பிளைவுட்டில் நீளமாக ஒரு திறப்பு வெட்டி, அதன் இரு பக்கமும் மரச்சட்டம் ஒட்டினேன். ரோட்டரி டூலின் அடித்தட்டு அந்தச் சட்டங்களுக்கு இடையே மட்டும்தான் ஓடும். கிட்டாரின் மேற்பலகை லேசாகக் குவிந்திருக்கும் என்பதால் பிளைவுட்டின் நாலு மூலைக்கும் கார்க் துண்டுகள் வைத்து, அட்டை செருகிச் சமப்படுத்தி, ஒலித்துளை வழியாக ஒரு நீளக் கிளாம்ப்பால் பிடித்தேன்.

முதலில் வெற்று மரத்தில் வெட்டிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. 3 மி.மீ. பிட் 3.4 மி.மீ. காடியை வெட்டித் தந்தது. அடித்தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த சிறு ஆட்டம்தான் காரணம். சட்டத்தின் உள்பக்கம் செல்லோடேப் அடுக்கடுக்காக ஒட்டி ஆட்டத்தை எடுத்த பிறகு 3.05 வந்தது. பிரிட்ஜில் நேரடியாக வெட்டியிருந்தால் தளர்ந்த சாடில்தான் மிஞ்சியிருக்கும், ஒலியும் மங்கியிருக்கும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு வாக்குவம் கிளீனரால் தூளை உறிஞ்சல். ஐந்தரை ஆழம் வந்ததும் நிறுத்தினேன்.

புதிய சாடிலும் எலும்பு. காடிக்குள் விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், கிட்டாரைக் கவிழ்த்தால் விழக்கூடாது. அந்தப் பொருத்தம் வரும்வரை தேய்த்தேன். உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சாடிலின் அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். தடித்த ஈக்கு 2.5, மெல்லிய ஈக்கு 1.9 என்று நிறுத்தினேன்.

மூன்று மி.மீ. அகலமுள்ள சாடிலின் உச்சியில் ஒவ்வொரு கம்பியும் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்கு, 0.25 மி.மீ. கம்பியில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, கிட்டார் கம்பிக்கும் சாடிலுக்கும் நடுவே செருகி முன்னும் பின்னும் நகர்த்தினேன். ஹார்மோனிக்கும் அழுத்திய ஸ்வரமும் எங்கே ஒன்றாகின்றனவோ அங்கே பென்சில் புள்ளி. பிறகு அந்தப் புள்ளி உச்சியாகும்படி இருபக்கமும் தேய்ப்பு. எதிர்பார்த்தபடியே பி கம்பியின் உச்சி சாடிலின் பின்விளிம்புக்கே போனது. சுருள் சுற்றாத கம்பிகளில் அதுதான் தடிமன். பக்கத்தில் இருக்கும் ஜி சுருள் சுற்றியது, அதன் உள்கம்பி மெல்லியது, அதனால் அது முன்னால் வந்தது.

பிரிட்ஜில் அந்தப் பின்கள் செருகும் துளைகளில் இன்னொரு வேலை இருந்தது. கம்பி வெளியே வளைந்து வருவதற்காக ஒவ்வொரு துளையின் முன்விளிம்பிலும் சிறு பள்ளம் இருக்கும். பழைய மெல்லிய ஈ பக்கத்தின் பள்ளம் 53 கம்பிக்குப் போதவில்லை, கம்பி கூர்மையாக மடங்கியது. வட்ட ஊசி அரத்தால் அகலப்படுத்தினேன்.

மிச்சச் சில்லறை வேலைகள்

ஃப்ரெட்போர்டின் பக்கவாட்டுப் புள்ளிகள் இப்போது தரையைப் பார்க்கின்றன. மேல்பக்கத்தில் 3, 5, 7, 9, 12 ஆகிய இடங்களில் 2 மி.மீ. துளையிட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் கம்பி செருகி, சூப்பர் குளூ விட்டு மட்டமாகச் சீவினேன். இதற்கு மின்சார டிரில்லைப் பயன்படுத்தவில்லை. என் டிரில்லில் ட்ரிக்கரைப் பூட்டும் பொத்தான் கைப்பிடியின் இடதுபக்கம் இருக்கிறது, வலக்கைக்காரரின் கட்டைவிரலுக்கு வசதியாக. இடது கையில் பிடித்தால் உள்ளங்கையே அதை அழுத்திவிடும், விரலை எடுத்தாலும் டிரில் நிற்காது. நெக் மேல் அந்த விளையாட்டு வேண்டாம் என்று கையால் சுழற்றும் பின் வைஸில் துளையிட்டேன். இடக்கைக்காரர் எவரும் புது டிரில் வாங்கும் முன் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்ட்ராப் பட்டனைக் கழற்றி நெக்கின் அடிப்பகுதியில் மறுபக்கம் மாற்றினேன், பழைய துளைக்கு ஒரு மரக்குச்சி. மேற்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் தகடான பிக்கார்டைக் கழற்றவில்லை. சூடாக்கி எடுத்தால் வார்னிஷ் சேர்ந்து வரலாம், அடியில் நிறமும் வேறாக இருக்கும். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டு, மறுபக்கம் ஒட்டும் வகை தெளிந்த ஷீட் ஒன்றை வெட்டி ஒட்டினேன். கத்தரிக்கோலால் வளைவை வெட்டும்போது வழக்கம்போல மேல் தகடு கோட்டை மறைத்தது. அட்டையில் செய்த மாதிரியை வைத்துக் கத்தியால் வெட்டியதுதான் சுத்தமாக வந்தது.

செலவு, கணக்கு, அடுத்த முறை

செலவானது: நட்டுக்கும் சாடிலுக்கும் எலும்புத் துண்டுகள், இரண்டு செட் கம்பி, ரோட்டரி டூல் பிட், நாசில் கம்பிச் செட், பிளாஸ்டிக் ஷீட். எல்லாம் சேர்ந்தாலும் கிட்டாரின் விலையில் சிறு பங்குதான். நேரம்தான் பெரிய செலவு, அதில் பாதிக்கு மேல் அந்தத் தண்டவாளத்துக்கே போனது. இனி அது கையில் இருப்பதால் அடுத்த கிட்டாருக்கு அந்தப் பாதி மிச்சம். ரோட்டரி டூல் இல்லாதவர்கள் காடி வெட்டுவதை மட்டும் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட்டு, நட்டையும் சாடிலையும் தாங்களே செய்துகொள்ளலாம். அதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

வரிசையை மாற்றுவேன். சாடில் முதலில், நட் பிறகு. நான் நட்டை முதலில் முடித்ததால் சாடில் உயரம் மாறியபோது நட்டின் ஆழத்தை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. அதோடு நட்டுக்கு இடக்கைக்கென்றே காடி வெட்டி வருகிற துண்டுகளும் உண்டு. அகலம் பொருந்துமானால் அதை வாங்கி ஆழத்தை மட்டும் சரிசெய்வது புத்திசாலித்தனம். பி கம்பி இன்னும் 3 சென்ட் மேலே நிற்கிறது. அதன் உச்சி பின்விளிம்பைத் தொட்டுவிட்டதால் இனிப் பின்னால் போக இடமில்லை. காடியை மொத்தமாக அரை மில்லிமீட்டர் பின்னால் குறித்திருந்தால் இடம் கிடைத்திருக்கும். முன்னால் எனக்கு இடம் மிச்சமாகவே கிடக்கிறது.

வாசித்துப் பார்த்தால் இடது கை தானாகவே தாளத்தில் இறங்குகிறது. கார்டுகள்தான் இப்போது வலது கைக்கு வந்திருக்கின்றன, அந்தக் கை எஃப் பார் கார்டில் திணறுகிறது. பழகிவிடும்.

அக்கா மகளும் இடக்கைதான். அவளுடைய யுகுலேலே (நான்கு கம்பியுள்ள சிறு கிட்டார் போன்ற கருவி) அடுத்து மேஜைக்கு வரப்போகிறது. பெரும்பாலான யுகுலேலேக்களில் சாடில் சாய்வில்லாமல் நேராக இருக்கும். ஜி, ஏ இரண்டும் தடிமனில் நெருக்கமானவை, பக்கம் மாற்றினாலும் பழைய காடிகளிலேயே உட்காரும். சி இறங்க வேண்டிய ஈ காடியை மட்டும் அகலப்படுத்திவிட்டு, மறுபக்கம் சி காடிக்குள் ஈ ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் எலும்புத் தூளும் சூப்பர் குளூவும் தயாராக இருக்கின்றன.